‘மஹோ ஷோஜோ ஓரே’ முடித்துவிட்டேன், இதே மாதிரி வேறு என்ன பார்க்கலாம்?

வாசகர் கேள்வி, நவம்பர் 2

மஹோ ஷோஜோ ஓரே 12 எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். மேஜிக்கல் கேர்ள் கதைகளை, அதாவது மந்திர சக்தியால் உருமாறி அரக்கர்களோடு மோதும் பெண்களின் கதைகளை, இப்படிக் கிண்டல் செய்யும் ஜப்பானிய அனிமே வேறு என்ன இருக்கிறது? தோழி ஒருத்தி பினான் கோகோ சிக்யூ போயேய்-பு பார்க்கச் சொல்கிறாள். அதுவும் ஆம்பளைப் பசங்க ஃப்ரில் வைத்த உடுப்பு போட்டுக்கொண்டு சண்டை போடுவதுதானே? ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரிதான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 2, இரவு

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

ஓரேவில் சிரிப்பு உடம்பில் இருக்கிறது. நாயகி சாகி, மோஹிரோ என்ற பையனை நினைத்து உருகுகிறாள். அந்தக் காதல்தான் மந்திரத்துக்கு எரிபொருள். உருமாற்றக் காட்சி தொடங்குகிறது, ஒளி, ரிப்பன் எல்லாம் முறைப்படி வருகின்றன. ஒளி விலகினால் நிற்பது தோள் அகன்று, புஜம் திரண்ட ஓர் ஆண். போட்டிருப்பது அதே குட்டைப் பாவாடை, அதே ஃப்ரில். கையில் மந்திரக்கோலும் இருக்கிறது, ஆனால் அவள் அதைத் தடியாகத்தான் பயன்படுத்துகிறாள். எதிரே வரும் அரக்கர்களும் அப்படித்தான்: கழுத்துக்கு மேல் கொஞ்சத் தோன்றும் குட்டி விலங்கின் முகம், கழுத்துக்குக் கீழே பயில்வான். பொம்மைக் கடையும் மல்யுத்த மேடையும் ஒரே சட்டகத்துக்குள் மோதிக்கொள்கின்றன. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

போயேய்-புவில் சிரிப்பு பேச்சில் இருக்கிறது. ஐந்து பள்ளிப் பையன்கள், வேலைவெட்டி இல்லாத ஒரு சங்கம். தொடரின் ஆரம்பமே பொதுக்குளியல் வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு சிக்குவாபு பற்றிய அரட்டை. ஓடேன் என்ற ஜப்பானியக் குழம்பில் போடுவார்களே, கோதுமை மாவுக் குழாய், அதுதான். உலகத்தில் வேறு பிரச்சினையே இல்லாத மாதிரி பேசுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்குள் சிக்குவாபு அரக்கன் வந்து நிற்கிறான். இயக்கியவர் தகாமட்சு ஷின்ஜி. கின்தாமாவின் ஆரம்ப சீசன்களும், 2012இல் வந்த தன்ஷி கோகோசெய் நோ நிச்சிஜோவும் அவர் கைவேலைதான். பையன்கள் சும்மா உட்கார்ந்து பேசுவதை எவ்வளவு நேரம் ஓடவிட்டால் சிரிப்பு வரும் என்று அந்த மனிதருக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஒரு தற்செயல்: ஓரே வந்தது 2018 ஏப்ரலில். அதே ஏப்ரலில்தான் போயேய்-புவின் மூன்றாவது தொடரான ஹாப்பி கிஸ்ஸும் வந்தது. ஃப்ரில் போட்ட ஆண்கள் ஒரே பருவத்தில் இரண்டு சேனல் பக்கம் நின்றார்கள். வாராவாரம் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் யாரும் இவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள்.

நவம்பர் 3

உங்களுக்கு ஓரேவில் எந்த இடத்தில் சிரிப்பு வந்தது? அதைச் சொன்னால்தான் அடுத்தது சொல்ல முடியும். உருமாற்றமா, வாசலில் வந்து நிற்கும் அந்த கோகோரோ-சானா, சாகியை ஒருதலையாகக் காதலிக்கும் சாகுயோவா? இந்த வகைக் கதைகளுக்கென்று சில விதிகள் உண்டு. குட்டி விலங்கு வந்து சக்தி கொடுக்கும். உருமாற்றம் நடக்கும், அந்த நேரத்தில் எதிரி பேசாமல் காத்திருப்பான். வாரம் ஒரு அரக்கன். அடையாளம் ரகசியம். ஒவ்வொரு கிண்டல் தொடரும் இதில் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்ட விதியை எவ்வளவு நேர்மையாகக் கடைசிவரை பின்பற்றுகிறது என்பதை வைத்துத்தான் நான் அதை எடைபோடுவேன்.

நவம்பர் 5

கோகோரோ-சான் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது. அப்படியானால் உங்களுக்குப் பிடித்தது குட்டி விலங்கு விதி.

வழக்கமாக அந்த இடத்தில் பூனையோ முயல் மாதிரி ஒன்றோ வரும். ஓரேவில் அந்த வேலையைச் செய்வது யாகுசா என்ற ஜப்பானிய ரவுடிக் கும்பலின் அடியாள் மாதிரி இருக்கும் ஒரு ஆள். கதவைத் திறந்தால் கடன் வசூலிக்க வந்தவனைப் போல நிற்கிறான். இந்த விதிக்கு எனக்குத் தெரிந்து மிகக் கொடூரமான பதில் 2006இல் வந்த தாய் மஹோ தோகே. ஓவிஏ, அதாவது டிவிக்கு இல்லாமல் நேரடியாக வீடியோவாக விற்கும் தொடர், குட்டிக் குட்டியாக 8 எபிசோட். மூலம் ஓவாதா ஹிதேகியின் மாங்கா, ஜப்பானியப் படக்கதை. இயக்கம் மிசுஷிமா ட்சுதோமு, பின்னாளில் கேர்ள்ஸ் உண்ட் பான்ஸர், ஷிரோபாகோ செய்தவர்.

புனியே மந்திர நாட்டு இளவரசி. அரசியாவதற்கு முன் பயிற்சிக்காகப் பூமிக்கு வந்து பள்ளியில் சேர்கிறாள். கூடவே பாயா-தான் என்ற புசுபுசு குட்டி. வெளிப்பார்வைக்கு எல்லாம் முறைப்படிதான். ஆனால் பாயா-தான் ஒரு முன்னாள் போர்வீரன். இவளிடம் தோற்றுப்போனதால்தான் துணை விலங்காக இருக்கிறான். வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அவளைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான். அவளோ, கோலைப் பிடுங்கிவிட்டால்கூடக் கவலைப்படுவதில்லை. கையைக் காலை முறுக்கிப் பூட்டுப் போடும் மல்யுத்தப் பிடிகள்தான் அரச குலத்துக்குரிய கலை என்று அறிவித்துவிட்டு எதிரியின் மூட்டைக் கழற்றுகிறாள். முகத்தில் புன்னகை மட்டும் கடைசிவரை மாறாது. மந்திர உச்சாடனத்திலேயே ஒரு துப்பாக்கியின் பெயர் இருக்கிறது.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் அந்தப் புன்னகைதான். குட்டி விலங்கை அடிமை மாதிரி வைத்திருக்கும் ஒருத்தி உண்மையில் எப்படி இருப்பாள் என்று கேட்டுவிட்டு, பதிலைச் சலிக்காமல் எட்டு முறை சொல்கிறது. ரத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 6

“இதெல்லாம் சரி, மடோகா மாகிகாதான் இருப்பதிலேயே பெரிய பாரடி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை ஏற்க முடியாது. மடோகா விதிகளைத் துயரமாகத் திருப்பிப்போட்டது. சிரிக்கவைப்பது அதன் நோக்கமே இல்லை. சிரிக்க ஆசைப்பட்டுக் கேட்கும் ஒருவரிடம் அதைத் தூக்கிக் கொடுத்தால் மூன்றாவது எபிசோடில் நம்மைத் திட்டுவார்.

ஆனால் நீங்கள் மடோகாவை இழுத்ததால் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. 2011 ஜனவரியில் மடோகா தொடங்கிய அதே பருவத்தில் கோரே வா ஸோம்பி தெசு கா? என்ற தொடரும் தொடங்கியது. செத்துப் பிழைத்த ஸோம்பி ஒருவன், அய்கவா அயுமு. ஹருனா என்ற பெண்ணின் மந்திர சக்தி எதிர்பாராமல் அவனுக்கு மாறிவிடுகிறது. அப்புறம் அவன்தான் இளஞ்சிவப்பு ஃப்ரில் உடுப்பும் சங்கிலி ரம்பமுமாகச் சண்டைக்குப் போகவேண்டும். மேகலோ என்ற அரக்கர்கள் பள்ளிச் சீருடை போட்ட விலங்குகளாக வருவார்கள். ஒரே மாதம், ஒரே வகை. ஒரு பக்கம் அந்த வகையைக் கண்ணீராக்கினார்கள், இன்னொரு பக்கம் அதற்குள் ஸோம்பியை இறக்கினார்கள்.

கேள்வி கேட்டவருக்கு இதைப் பரிந்துரைப்பதா என்று யோசிக்கிறேன். இப்போதைக்கு வேண்டாம். நடுவில் சோகத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது, வீடு நிறைய பெண்கள் சேர்ந்துவிடுகிறார்கள். எந்த விதியைக் கையில் எடுத்தோம் என்று பாதியில் மறந்துவிடுகிறது.

நவம்பர் 9

மச்சிகாடோ மாஸோகு பற்றி இதுவரை யாரும் பேசாதது எனக்கு ஆச்சரியம். நானே பேசுகிறேன், நீளமாகத்தான் வரும்.

இட்டோ இஸுமோவின் நான்கு கட்ட மாங்கா. ஜே.சி. ஸ்டாஃப் 2019 ஜூலையில் அனிமே ஆக்கியது, 2022 ஏப்ரலில் இரண்டாவது சீசன். இது எடுத்துக்கொண்ட விதி எதிரி. வாராவாரம் வந்து தோற்றுப்போகும் அந்த அரக்கப் பெண்ணுக்கு வீடு எங்கே, அவள் என்ன சாப்பிடுகிறாள், ஏன் சண்டைக்கு வருகிறாள்?

யோஷிதா யூகோ ஒரு காலை எழுந்தால் தலையில் கொம்பு, பின்னால் வால். குலத்தின் மூதாதை கனவில் வந்து எழுப்பிவிட்டாள். குடும்பத்துக்கு ஒரு சாபம்: மாதம் 40,000 யென்னுக்கு மேல் செலவழிக்க முடியாது. சாபம் தீரவேண்டுமானால் மேஜிக்கல் கேர்ளை வீழ்த்தி அவள் ரத்தம் கொண்டுவரவேண்டும். சரி என்று கிளம்புகிறாள். தெருவில் ஒரு லாரி வந்து மோதப்போகிறது. அதை ஒற்றைக் கையால் நிறுத்திக் காப்பாற்றுகிறாள் ஒருத்தி. அவள்தான் வீழ்த்தப்படவேண்டிய மேஜிக்கல் கேர்ள், சியோதா மொமோ. பசித்த முகத்தைப் பார்த்துவிட்டு மொமோ கையில் இருந்த ரொட்டியையும் கொடுத்துவிடுகிறாள். யூகோ அதை வாங்கிக்கொண்டு, “இதனால் ஜெயித்துவிட்டதாக நினைக்காதே” என்று கத்திவிட்டு ஓடுகிறாள்.

அடுத்து என்ன என்கிறீர்கள்? இந்த எதிரி இவ்வளவு நோஞ்சானாக இருந்தால் எப்படி என்று மொமோவே அவளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிறாள். ஓடவைக்கிறாள், டம்பெல் தூக்கவைக்கிறாள். தன்னை அடிக்கும் அளவுக்குத் தேற்றிவிடத்தான். இதை எவரும் கிண்டலாகச் சொல்வதில்லை, இரண்டு பேரும் முழு மனதோடு செய்கிறார்கள். சிரிப்பும் வருகிறது, மனசும் இளகுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை.

வீட்டில் கூடத்து டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றார். சப்டைட்டில் படிக்கமாட்டார். கொம்பு வைத்த பெண்ணும் அவள் தங்கையும் அம்மாவும் ஆரஞ்சுப் பழ அட்டைப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “ஏன் இதுங்க பெட்டி மேல வச்சுச் சாப்பிடுதுங்க, வீட்ல சாமானே இல்லையா?” என்று கேட்டார். நான் சாபத்தைச் சொன்னேன். “அப்போ அந்தப் பொண்ண எதுக்கு அடிக்கப் போறா? கூட்டிட்டு வந்து சோறு போடச் சொல்லு” என்றார். தொடர் கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் போகிறது. மொழி தெரியாத ஒருவருக்கு ஒரே காட்சியில் கதையின் மையம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் அந்த வேலை எவ்வளவு சுத்தம் என்று பாருங்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

நவம்பர் 9, பின்னிரவு

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எபிசோட் கொஞ்சம் வேகமாக, வசனம் நெருக்கமாக இருக்கும். மாங்காவின் ஒவ்வொரு கட்டத்தையும் உள்ளே திணித்திருக்கிறார்கள். சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள்.

நவம்பர் 12

புனி புனி போயமியை ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

2001இல் வந்த இரண்டு எபிசோட் ஓவிஏ. வதனாபே ஷின்இச்சி, நபேஷின் என்று எல்லாரும் சொல்வார்களே, அவர் எக்ஸெல் சாகாவுக்கு அடுத்துச் செய்தது. அதன் வேகத்துக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். பேசும் மீன் ஒன்றைக் கிழித்துத்தான் மந்திரக்கோல் வருகிறது. நாயகி தன்னைத் தன் பாத்திரப் பெயரால் அழைத்துக்கொள்ளாமல் குரல் கொடுக்கும் நடிகையின் குடும்பப் பெயரான கோபயாஷி என்று அழைத்துக்கொள்கிறாள். மூச்சுவிடாமல் கத்திக்கொண்டே இருக்கிறாள். ஆனால் அதன் பாதி ஜோக்குகள் சிறுமிகளின் உடம்பை வைத்து. நியூசிலாந்தின் தணிக்கை அலுவலகம் அதைத் தடையே செய்தது. தடை செய்ததால் தவறு என்று நான் சொல்லவரவில்லை. பார்த்தபோது எனக்கே குமட்டியது, அதனால் சொல்கிறேன். இவ்வளவு திறமையை அந்த இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்களே என்று இன்றைக்கும் கோபம் வருகிறது.

2024 ஜனவரியில் வந்த மஹோ ஷோஜோ நி அகோகரேதேவுக்கும் இதே பதில்தான். நாயகி வில்லியாகிவிடுகிறாள் என்ற யோசனை அருமை. ஆனால் பள்ளிச் சிறுமிகளை அந்த மாதிரிக் காட்டும் எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நவம்பர் 13

“அப்படிப் பார்த்தால் பாண்டி அண்ட் ஸ்டாக்கிங் மட்டும் சுத்தமா?” என்று சூடாக ஒரு கேள்வி. சுத்தம் இல்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் அதில் இருப்பவர்கள் வளர்ந்தவர்கள். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

சரி, பேச்சு வந்துவிட்டதால் அதைப் பற்றியே ஒன்று சொல்கிறேன். 2010 அக்டோபர், கைனாக்ஸ், இமாஇஷி ஹிரோயுகி. படம் முழுக்க அமெரிக்கக் குழந்தைகள் கார்ட்டூன் மாதிரி தடித்த கோடு, தட்டையான நிறம். உருமாற்றம் வரும்போது மட்டும் கோடே மாறிவிடுகிறது. உடல் நீள்கிறது, தலைமுடி ஒவ்வொரு இழையாக அசைகிறது, விளக்கொளி ததும்புகிறது. நாயகிகள் பாண்டி, ஸ்டாக்கிங் இரண்டு பேரும் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். காலுறை அங்கே வாளாக மாறும், உள்ளாடை துப்பாக்கியாக மாறும். ஒரே நிமிடத்தில் வேறொரு ஸ்டுடியோவின் படத்துக்குள் நுழைந்த உணர்வு.

இந்த ஜோக் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அசல் தொடர்கள் எப்படி உருவாகின்றன என்று தெரியவேண்டும். உருமாற்றக் காட்சியை ஒருமுறை பிரமாதமாக வரைந்து வைத்துக்கொள்வார்கள். வாராவாரம் அதையே எடுத்து ஒட்டுவார்கள். பாங்க் என்று அதற்குப் பெயர். புதிதாக வரையவேண்டிய ஒரு நிமிடம் மிச்சம். அந்தக் கோலும் பதக்கமும் கடையில் பொம்மையாக விற்கும் என்பதால் அதை நிதானமாக, பளபளப்பாகக் காட்டியும் ஆகவேண்டும். அதனால் மற்றக் காட்சிகள் சுமாராக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் மட்டும் தங்கமாக மின்னும். பாண்டி அண்ட் ஸ்டாக்கிங் அந்த ஏற்றத்தாழ்வைப் பிடித்துக்கொண்டு பத்து மடங்காக்கிவிட்டது. 2025 ஜூலையில் ட்ரிகர் ஸ்டுடியோ செய்த புதிய தொடரிலும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

நவம்பர் 13, இன்னும் கொஞ்சம்

பாங்க் பற்றி எழுதியதும் ஆகாஸுகின் சாச்சா நினைவுக்கு வந்தது. 1994இல் தொடங்கிய, 74 எபிசோட் ஓடிய குழந்தைகள் நகைச்சுவை. மாங்காவில் சாச்சா ஒரு அரைகுறை மந்திரக்காரக் குட்டிப் பெண், அவ்வளவுதான். உருமாற்றம் எதுவும் கிடையாது. அனிமேக்காக அவளை இளவரசியாக மாற்றும் காட்சியைச் சேர்த்தார்கள், கையில் வில்லும் கொடுத்தார்கள். இந்தப் பின்னணி தெரிந்து பார்த்தால், சுற்றிலும் எல்லாரும் கோமாளித்தனம் செய்துகொண்டிருக்கும்போது நடுவில் அந்த ஒரு காட்சி மட்டும் கம்பீரமாக வந்து நிற்பதைக் கவனிப்பீர்கள். யாரும் கிண்டலாக நினைத்துச் செய்யவில்லை, ஆனால் பார்க்கும்போது அதுவும் ஒருவகைக் கிண்டலாகவே தெரிகிறது.

அதேபோல கார்ட்காப்டர் சகுராவில் உருமாற்றமே கிடையாது தெரியுமா? தோழி டொமோயோ ராத்திரி உட்கார்ந்து தைத்துக் கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு சகுரா சண்டைக்குப் போகிறாள். டொமோயோ வீடியோ கேமராவோடு பின்னாலேயே போய்ப் படம் பிடிக்கிறாள். இந்த உடுப்பெல்லாம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பாரடிக்காரர்கள் கேட்பதற்கு முன்பே அசல் கேட்டு, பதிலும் சொல்லிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னது.

நவம்பர் 16

“அசலைப் பார்க்காமல் பாரடி பார்க்கலாமா?” என்று புதிதாக வந்த ஒருவர் கேட்கிறார்.

ஓரேவைப் பார்க்கலாம். மச்சிகாடோவைப் பார்க்கலாம். தாய் மஹோ தோகேவுக்கு முன் ப்ரீக்யூரின் முதல் தொடரை நாலைந்து எபிசோடாவது பார்த்திருந்தால் நல்லது. 2004 பிப்ரவரியில் தொடங்கியது. பெண்பிள்ளைகளுக்கும் அடித்து ஆடப் பிடிக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த தொடர் அது. முதல் இயக்குநர் நிஷியோ தைசுகே, டிராகன் பால் இஸட் செய்தவர். பாவாடை கட்டிய சிறுமி அரக்கனைத் தூக்கிச் சுவரில் அடிப்பதை அவர்கள் துளிக்கூடச் சிரிக்காமல் செய்தார்கள். அதை ரசித்துவிட்டுப் புனியேயின் கைப்பூட்டைப் பாருங்கள், சுவை கூடும்.

செய்லர் மூனை ஒதுக்கிவைக்கவே முடியாது. 1992இல் தொடங்கி 200 எபிசோட். அழுமூஞ்சி, சோம்பேறி, பரீட்சையில் கோட்டைவிடுபவள்தான் நாயகி. சண்டைக்கு நடுவில் ஒருவன் கோட்டுசூட்டு போட்டுக்கொண்டு ரோஜாப் பூவை எறிந்துவிட்டு ஒரு வசனம் பேசிவிட்டுப் போய்விடுகிறான். அந்தத் தொடருக்கே தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியும். பின்னால் வந்த நல்ல கிண்டல்கள் எல்லாம் அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகவே எனக்குத் தெரிகின்றன.

நவம்பர் 17

ஸோம்பி தொடரை வேண்டாம் என்று மேலே சொல்லியிருந்தேன். நேற்று மறுபடி முதல் சில எபிசோட் பார்த்தேன். அந்த முடிவைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அயுமுவுக்கு வெயில் ஆகாது, காய்ந்து சுருங்கிவிடுவான். உடுப்பு போட்டு நிற்பதை ஊரே பார்த்துவிடும், பார்த்தவர்களின் ஞாபகத்தை அழிக்கவேண்டியிருக்கும். இந்த நடைமுறைத் தொல்லைகளில் தொடர் நன்றாகத்தான் இருக்கிறது. இயக்கிய கனாசாகி தகஓமிதான் பின்னால் கோனோசுபா செய்தவர். அந்த வேகத்தின் விதை இங்கேயே தெரிகிறது. கோனோசுபா பிடித்தவர்கள் இதை முயன்று பார்க்கலாம். சோகம் தொடங்கும் இடத்தில் நிறுத்துவதா தொடர்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நவம்பர் 20

2024இல் வந்தவை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்தப் பக்கம் கூட்டம்.

அக்ரோ ட்ரிப், அக்டோபர். ரிபோன் இதழில் வந்த மாங்கா. சிஸுகோ என்ற பெண் உள்ளூர் மேஜிக்கல் கேர்ளான பெர்ரி ப்ளாசமின் தீவிர ரசிகை. அவளோடு மோதும் வில்லன் க்ரோம் படு மட்டம். எதிரி மட்டமாக இருந்தால் தன் நாயகி எப்படி ஜொலிப்பாள்? அந்தக் கவலையோடு இருப்பவளை க்ரோம் தன் பக்கம் ஆலோசகராக இழுக்கிறான். ரசிக மனம் என்ன செய்யும் என்பதை இவ்வளவு சரியாகப் பிடித்த வேறு தொடர் இந்த வகையில் இல்லை. வரைகலை எளிமைதான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

மாகிலூமியேர், அதுவும் அக்டோபர்தான். மேஜிக்கல் கேர்ள் என்பது சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை. நாயகி வேலை தேடி நேர்காணல் நேர்காணலாக அலைந்துவிட்டு ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்கிறாள். அதன் முதலாளி ஒரு ஆண், அவரே மேஜிக்கல் கேர்ள் உடுப்பில் அலுவலகத்துக்கு வருகிறார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிண்டலை விட அலுவலக வாழ்க்கைதான் அதிகம். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிடிக்கும்.

இன்னொன்றுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். கத்சுதே மஹோ ஷோஜோ தோ அகு வா தேகிதாய் ஷிதேஇதா, ஜூலை, போன்ஸ் ஸ்டுடியோ. தீய படையின் தளபதி மிரா, எதிரியான மேஜிக்கல் கேர்ள் ப்யாகுயாவைப் பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுகிறான். அதற்கப்புறம் சண்டையே நடப்பதில்லை. அவள் பரம ஏழை, பகுதிநேர வேலைகளில் வயிற்றைக் கழுவுகிறாள். அவளுக்குத் துணை வரும் பூனை ஒரு ரவுடி. பளபளப்பான சீருடையில் மிரா மோதலுக்கு வருகிறான், கையில் தின்பண்டத்தோடு. அவள் முகம் சிவக்கிறாள். ஒவ்வொரு எபிசோடும் சாதாரணத் தொடரில் பாதி நீளம்தான், முழுக்க இதுதான்.

மாங்கா எழுதி வரைந்தவர் ஃபுஜிவாரா கோகோஆ. இனு போகு என்ற மாங்காவும் அவருடையதுதான். 2015 மார்ச்சில், 31 வயதில் இறந்துபோனார். இந்தக் கதை பாதியில் நின்றுவிட்டது. ஒன்பது வருடம் கழித்து போன்ஸ் மாதிரி ஒரு ஸ்டுடியோ அதை எடுத்து, நிறம் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறது. முடிவு வராத கதை என்று தெரிந்தும் செய்திருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் சண்டைக்கு நேரம் குறித்துக்கொண்டு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பிரியும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்போடு தொண்டையும் அடைத்தது. மச்சிகாடோ பிடித்தவர்கள் இதைத் தவறவே விடாதீர்கள்.

நவம்பர் 24

அக்கா மகளுக்கு வயது பத்து, எதைக் காட்டலாம் என்று ஒருவர். மச்சிகாடோ, அக்ரோ ட்ரிப். சாச்சா கிடைத்தால் அதையும். மற்ற எதையும் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கவேண்டாம்.

நவம்பர் 28

கேள்வி கேட்டவர் போயேய்-பு பாதி வந்துவிட்டாராம், அந்த ஆசிரியர் ஏன் பிணம் மாதிரி இருக்கிறார் என்று கேட்கிறார். பாருங்கள், பாருங்கள். அந்த இளஞ்சிவப்பு வோம்பாட் ஒரு செத்த மாதிரி இருக்கும் ஆசிரியரைத் தூக்கிக்கொண்டு அலைந்து, அவர் வாயால் பேசுவது போலக் குரல் கொடுக்கிறதே, அதை அந்த ஐந்து பேரில் ஒருவன்கூட அலறிக்கொண்டு போய் யாரிடமும் சொல்வதில்லை. நமக்குத்தான் திக் என்கிறது. குட்டி விலங்கு விதிக்கு அதுவும் ஒரு பதில்.

பெயர்களையும் கவனியுங்கள். பையன்கள் ஹகோனே, யுஃபுஇன், கினுகவா, நருகோ, ஸாஓ. எல்லாம் ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்கள். எதிரியாக வரும் மாணவர் மன்றத்து மூவர் குசாட்சு, அரிமா, கெரோ. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானிய அறிஞர் ஹயாஷி ரஸான் நாட்டிலேயே சிறந்த மூன்று ஊற்றுகள் என்று குறித்தவை இவைதான். அதனால்தான் அவர்கள் மிடுக்கோடு வெள்ளைச் சீருடையில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது தொடரில் வரும் பாடகர் இரட்டையரின் குடும்பப் பெயர் பெப்பு, அதுவும் ஊற்று ஊர்தான். கடைசி இரண்டு எபிசோடைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன். அதுவரை வந்த அத்தனை அரக்கர்களுக்கும் அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது.

டிசம்பர் 1

பழையதில் ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு: 1995இல் தொடங்கிய மஹோ ஷோஜோ ப்ரிட்டி சாமி ஓவிஏ, மொத்தம் மூன்று. தென்சி முயோ என்ற தொடரில் வரும் ஸசாமியை எடுத்து மேஜிக்கல் கேர்ளாக்கிச் செய்த கிளைக்கதை. எதிரி பிக்ஸி மிசா பேச்சுக்குப் பேச்சு ஆங்கிலம் கலந்து அலட்டுவாள். அவள் உண்மையில் ஸசாமியின் கூச்ச சுபாவத் தோழி மிசாஓ, வசியத்தில் அப்படி ஆகிறாள், அது அவளுக்கே தெரியாது. இரண்டாவது ஓவிஏவில் வில்லன் பிஃப் ஸ்டாண்டர்ட் என்ற கணினி முதலாளி. உலகத்தில் எல்லாமே தன் மென்பொருள் மாதிரி ஒரே சீராக இருக்கவேண்டும் என்கிறவன். யாரை நினைத்து வரைந்தார்கள் என்று அந்தக் காலத்தில் கணினி வைத்திருந்த யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. 1996இல் வந்த டிவி தொடர் தனிக் கதை, கொஞ்சம் மென்மையானது. முதலில் ஓவிஏ பாருங்கள், அதில் பிக்ஸி மிசா உங்களுக்குப் பிடித்துப்போனால் டிவி தொடரின் 26 எபிசோடும் ஓடிவிடும்.